பெரியப்பாவின் 8 மி.மீ. ரீல்களை வீட்டிலேயே வீடியோவாக்கினோம்

வீட்டில் பழைய 8 மி.மீ. பிலிம் ரீல் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்டு அதைப் பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். ஐம்பது அறுபது வருடம் சுருண்டு கிடந்த பிலிம் காய்ந்து சுருங்கியிருக்கும். புரொஜெக்டருக்குள் இருக்கும் சின்ன இரும்பு நகம் ஒரு விநாடிக்குப் பதினாறு, பதினெட்டு தடவை பிலிமின் ஓரத்துத் துளைக்குள் புகுந்து அதைக் கீழே இழுக்கும். துளைக்கும் நகத்துக்கும் பொருத்தம் கொஞ்சம் தவறினால் போதும், வரிசையாகக் கிழிந்துகொண்டே போகும். நடுவில் எங்கேயாவது சிக்கி நின்றுவிட்டால் 100 வாட் ஹலஜன் பல்பின் சூடு அந்த இடத்தை உருக்கிவிடும். வீட்டுப் படங்களுக்கு நெகட்டிவ் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கமெராவுக்குள் ஓடிய அதே பிலிமைத்தான் கழுவிப் படமாகத் திருப்பித் தருவார்கள். அது போனால் போனதுதான்.

மட்டக்களப்பில் இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போன அல்பங்கள், யுத்த காலத்தில் விட்டுவிட்டு ஓடிய வீடுகள், 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியிலும் நாவலடியிலும் கடல் எடுத்துக்கொண்டவை என்று கணக்குப் பார்த்தால், அறுபதுகளில் எடுத்த ஒரு படம் ஒரு வீட்டில் மிஞ்சியிருப்பதே பெரிய காரியம். எங்கள் குடும்பத்துக்கு மிஞ்சியதற்குக் காரணம், ரீல்கள் கல்லடி வீட்டில் இல்லாமல் புளியந்தீவில் மாமி வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருந்ததுதான்.

பெரியப்பா கப்பலில் என்ஜினியர். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு சினிமாக் கமெராவோடு வருவார். கரைவலை இழுப்பது, பழைய கல்லடிப் பாலத்தில் வரிசையாகச் சைக்கிள் போவது, மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தம், சின்னம்மாவின் கலியாணம், குடும்பமாக இங்கினியாகலைக்குப் போய் சேனநாயக்க சமுத்திர அணைக்கட்டில் நின்றது என்று எல்லாவற்றையும் எடுத்திருக்கிறார். ஒன்றிலும் சத்தம் கிடையாது.

முன்பு ஒருமுறை இந்த ரீல்களில் சிலதை வெளியூரில் ஒரு கடையில் கொடுத்து விஎச்எஸ் கசெட்டில் ஏற்றி வந்திருந்தார்கள். சுவரில் படத்தைக் காட்டி அதை வீடியோக் கமெராவால் எடுத்திருக்கிறார்கள். படம் முழுக்கத் துடிக்கிறது, நடுப்பகுதி வெளுத்து மூலைகள் இருண்டு கிடக்கின்றன, நாலு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கிறது. துடிப்பதன் காரணம் தெரிந்தால் எந்த வழியில் போக வேண்டும் என்பதும் தெரியும். எங்கள் நாட்டு வீடியோ முறைக்குப் பால் (PAL) என்று பெயர். விநாடிக்கு 25 படம், அதாவது 50 அரைப் படம். புரொஜெக்டர் 18 பிரேம் ஓட்டுகிறது. அதன் ஷட்டரில் மூன்று இதழ் இருந்தால் விநாடிக்கு 54 தடவை வெளிச்சம் மறைகிறது. 50க்கும் 54க்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் திரையில் துடிப்பாகத் தெரிவது. வேகத்தை 16.67க்குக் குறைத்தால் மூன்று மடங்கு சரியாக 50 வரும், துடிப்பு நின்றுவிடும். அந்தக் காலத்தில் இதைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் பிலிமுக்கு உள்ள ஆபத்து அப்படியே இருக்கிறது, வெளுப்பும் போகாது.

அதனால் நானும் மச்சானும் வேறு வழியில் போனோம். படத்தை ஓட்டவே இல்லை. ஒவ்வொரு பிரேமையும் தனித்தனிப் புகைப்படமாக எடுத்து, கடைசியில் கணினியில் வரிசையாக அடுக்கினோம். மச்சானுக்கு மோட்டார் வைண்டிங் வேலை. அவர் கை இல்லாவிட்டால் இந்த மெஷின் இல்லை.

ரீலைக் கையில் எடுத்ததும் அது எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். 8 மி.மீ. எல்லாம் ஒன்றல்ல. 1932இல் கொடாக் கொண்டுவந்தது ரெகுலர் 8. அதன் துளை பெரிது, இரண்டு பிரேமுக்கு நடுவே கோட்டில் இருக்கும். 1965இல் வந்த சூப்பர் 8இல் துளை சின்னது, பிரேமின் நடுவுக்கு நேரே இருக்கும், அதனால் படம் கொஞ்சம் பெரிது. அதே 1965இல் புஜி சிங்கிள் 8 என்று ஒன்றை வெளியிட்டது. துளை சூப்பர் 8 போலவே இருந்தாலும் பிலிம் பொலியெஸ்டர், மெல்லியது, கையால் இழுத்தால் கிழியாது. பெரியப்பாவின் பெட்டியில் மூன்றும் கலந்து கிடந்தன. ரெகுலர் 8 ஒரு 50 அடி ரீலில் 4000 பிரேம், சூப்பர் 8இல் 3600. இந்த எண்கள் பிறகு தேவைப்படும்.

அடுத்தது மூக்கு. டப்பாவைத் திறந்ததும் வினாகிரி வாடை அடித்தால் அசற்றேற் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிதையும்போது வெளியாகும் அமிலமே மேலும் சிதைவை வேகப்படுத்தும். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், எங்கள் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. வாடை அடிக்கிற ரீலை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், அதையே முதலில் படமெடுங்கள். பொலியெஸ்டர் ரீலுக்கு இந்த வருத்தம் வராது.

பூஞ்சை இன்னொரு வில்லங்கம். வெள்ளைப் பொடிபோல ஓரங்களில் படிந்திருக்கும். இதைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது. பூஞ்சை, படம் பதிந்திருக்கும் ஜெலற்றின் படலத்தைத் தின்று, அதைத் தண்ணீரில் கரைகிற மாதிரி ஆக்கிவிடும். ஈரத் துணியால் துடைத்தால் படமே துணியில் வந்துவிடும். 99 சதவீத ஐசோபுரோபைல் அல்கஹோல் வாங்குங்கள், எலெக்ட்ரோனிக் திருத்துகிறவர்கள் பாவிப்பது. பார்மசியில் காயத்துக்குத் தருகிற ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அது வேண்டாம். நூல் உதிராத மெல்லிய துணியை அதில் லேசாக நனைத்து, மடித்து, நடுவில் பிலிமைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்ற வேண்டும். மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிட வேண்டும், அந்த அளவு ஈரம் போதும். துணியை அடிக்கடி மாற்றுங்கள், ஒரே மடிப்பில் ஏறிய மணல் துகள் அடுத்த 20 அடிக்கும் கீறல் போடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ நுளம்புத்திரியோ இருக்கக் கூடாது. முதலில் ஓரத்தில் வெறும் பிலிம் உள்ள இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் படத்துக்குப் போக வேண்டும்.

சரி, மெஷினுக்கு வருவோம்.

ரெகுலர் 8, சூப்பர் 8 இரண்டையும் ஏற்கிற ஒரு பழைய புரொஜெக்டர் பழைய சாமான் கடையில் கிடைத்தது. பல்ப் போய், றப்பர் பட்டி உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. எங்களுக்கு அதில் வேண்டியது மூன்றுதான்: பிலிம் நிற்கிற கேட், இழுக்கிற நகம், சுற்றுகிற கை. பல்பையும் அதன் ட்ரான்ஸ்போமரையும் காற்றாடியையும் கழற்றினோம். ஷட்டர் இதழைக் கழற்றினோம். பட்டிக்குப் பதிலாக அளவான ஓ-ரிங். சொந்த மோட்டாரையும் எடுத்துவிட்டு, அந்த அச்சில் ஒரு பழைய வாகனத்தின் வைப்பர் மோட்டாரைப் பூட்டினோம். வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டில் மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு 45 சுற்றுக்குக் கிட்டச் சுற்றும், இழுவையும் நிறைய இருக்கும். அச்சு ஒருமுறை சுற்றினால் ஒரு பிரேம். ஆக, ஒரு சூப்பர் 8 ரீலுக்கு 80 நிமிடம். பொறுமையான வேலைதான், ஆனால் பிலிமை அதட்டாத வேகம் அது.

இரண்டு அச்சையும் இரும்பால் இணைக்காமல், பெட்ரோல் குழாய்த் துண்டொன்றை இரண்டிலும் இறுக்கிச் சொருகினார் மச்சான். இந்த மெஷினில் எனக்கு ஆகப் பிடித்த விஷயம் இதுதான். பிலிம் எங்கேயாவது சிக்கினால் குழாய் வழுக்கும், மோட்டார் சும்மா சுற்றும், துளை கிழியாது. இரும்பு இணைப்பாக இருந்திருந்தால் வைப்பர் மோட்டாரின் பலத்துக்கு முன்னால் பிலிம் எம்மாத்திரம்!

கேட்டின் திறப்பைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். புரொஜெக்டர் கேட் படத்தின் நாலு ஓரத்தையும் சிறிது மறைத்துத்தான் காட்டும். பெரியப்பா எடுத்தது முழுவதும் வேண்டுமென்றால் அதை அரத்தால் அராவத்தான் வேண்டும். அராவின பிறகு கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும், அது ஒன்றே ரீல் முழுக்க ஒரே கோடாகக் கீறிவிடும். இதற்கு நகைப் பட்டறையை விடச் சரியான இடமில்லை. நகை வேலை செய்கிற ஒருவர் கேட்டை வாங்கி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, மோதிரத்தின் உள்பக்கத்தை மினுக்குகிற அதே குச்சியால் ஓரங்களை உருட்டிக் கொடுத்தார். நைலோன் சாக்ஸ் துணியை அதன் மேல் இழுத்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட மாட்டவில்லை. நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பிலிமை உள்ளே விடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு வெள்ளை எல்ஈடி ஒன்று. நிறத்தைச் சரியாகக் காட்டுகிற அளவு (CRI) 95க்கு மேல் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான எல்ஈடியில் சிவப்பு செத்துப் போய்விடும், பிறகு கணினியில் அதை எழுப்ப முடியாது. எல்ஈடிக்கும் கேட்டுக்கும் நடுவே பால் நிற அக்ரிலிக் துண்டு வைத்தால் வெளிச்சம் எல்லா இடமும் ஒரே மாதிரி விழும், சின்னக் கீறல்களும் மங்கிவிடும். கரண்டை வீட்டு இணைப்பிலிருந்து எடுக்கவில்லை, மோட்டார் சைக்கிள் பற்றரியிலிருந்து எடுத்தோம். கரண்ட் ஏறி இறங்கினால் பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் மாறும், நடுவில் போய்விட்டால் ரீல் பாதியில் நிற்கும். பற்றரியில் இந்தத் தொல்லை இல்லை.

லென்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான். 8 மி.மீ. அகலமான பிலிம், 23.5 மி.மீ. அகலமான கமெரா சென்சரை நிரப்ப வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சாதாரண மக்ரோ லென்ஸ் ஒரு மடங்கோடு நின்றுவிடும். டார்க்ரூமை மூடிவிட்ட ஸ்டூடியோக்களில் என்லார்ஜர் லென்ஸ் தூசு பிடித்துக் கிடக்கும், 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட வேண்டும், ஏனென்றால் அது சின்ன நெகட்டிவைப் பெரிய தாளில் விழுத்தச் செய்யப்பட்டது, நாங்கள் செய்வதும் சின்னதைப் பெரிதாக்குவதுதான், திசை மட்டும் கமெராப் பக்கம். மூன்று மடங்குக்கு லென்ஸிலிருந்து சென்சர் வரை 20 செ.மீ., லென்ஸிலிருந்து பிலிம் வரை ஏறக்குறைய 6.7 செ.மீ. இந்த 20 செ.மீ. தூரத்தை ஒரு பிவிசி குழாய்த் துண்டாலேயே கட்டினோம். உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டாவிட்டால் குழாயின் பளபளப்பு படத்தில் மூடுபனியாக இறங்கும். லென்ஸின் துவாரத்தை 4 அல்லது 5.6இல் வையுங்கள். இன்னும் சுருக்கினால் கூர்மை கூடும் என்று தோன்றும். மூன்று மடங்கில் உண்மை அதற்கு நேர்மாறு, படம் மங்கும்.

கமெராவை அமத்துவது யார்? அச்சில் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்தில் ஒரு ரீட் சுவிட்ச். காந்தம் கடக்கும்போதெல்லாம் சுவிட்ச் மூடும், அது கமெராவின் ரிமோட் வயரில் போய்ச் சேரும், ஒரு படம் விழும். காந்தத்தை எந்த இடத்தில் ஒட்டுவது என்பதுதான் சூட்சுமம். நகம் பிலிமை இழுத்து முடித்து, துளையை விட்டு வெளியே வந்து, பிலிம் அசையாமல் நிற்கத் தொடங்கிய பிறகு சுவிட்ச் மூட வேண்டும். அச்சைக் கையால் திருப்பி, நகத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தபடி இடத்தைக் குறித்துக்கொண்டால் ஒரே தடவையில் சரிவரும்.

கமெரா எந்த வகை என்றாலும் ஷட்டர் எலெக்ட்ரோனிக் ஆக இருந்தால் நல்லது. ஒரு ரீலுக்கு ஷட்டர் 3600 தடவை திறந்து மூடினால் இருபது ரீலுக்கு 72,000 தடவை. சாதாரணக் கமெராவின் இயந்திர ஷட்டர் அதிலேயே பாதிக்கு மேல் தேய்ந்துவிடும். ஃபோகஸ், வெளிச்ச அளவு, நிற அளவு எல்லாவற்றையும் கையால் நிறுத்துங்கள். தானாக விட்டால் கடல் வரும்போது ஒரு நிறம், மணல் வரும்போது ஒரு நிறம் என்று கமெரா தன் பாட்டில் மாற்றிக்கொண்டே போகும். துளையும் படத்தில் விழுகிற மாதிரி எடுங்கள். படத்தின் ஆட்டத்தைக் கணினியில் நிறுத்துவதற்கு அந்தத் துளையின் விளிம்புதான் பிடிமானம்.

இரவில் வேலை செய்தோம். பகலில் கல்லடிக் கடற்காற்று மணலையும் உப்பையும் கொண்டுவந்து மேசையில் போடும். மின்விசிறியும் போட முடியாது, மூன்று மடங்கு பெருப்பத்தில் அதன் அதிர்வுகூடப் படத்தில் தெரியும். சித்திரை மாதம் விசிறி இல்லாமல் மூடிய அறைக்குள் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் இருப்பதென்றால் சும்மாவா! ஆனாலும் கமெராத் திரையில் ஒவ்வொரு பிரேமாக மாமாங்கக் குளம் வந்து நிற்கும்போது எழும்பிப் போக மனம் வராது.

ஒரு ரீல் மட்டும் மெஷினுக்குள் போகவில்லை. வினாகிரி வாடை அடித்த ரீல் அது. சுருங்கி, விளிம்பு அலையலையாக வளைந்து, நகம் துளையில் பொருந்தவே இல்லை. அதை நகத்தால் இழுக்கக் கூடாது என்று முடிவெடுத்து, ஓடாவி ஒருவரிடம் சொல்லி வழவழப்பான ஒரு மரச் சட்டம் செய்வித்தோம். பிலிமை அதன் மேல் இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து, கையால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் படமெடுத்தோம். சின்னம்மாவின் கலியாணம் அதில்தான் இருந்தது.

படங்கள் எல்லாம் எடுத்து முடிந்த பிறகு கணினி வேலை பெரிதாக ஒன்றுமில்லை. டாவின்சி ரிசோல்வ் என்ற வீடியோத் தொகுப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். கவனிக்க வேண்டியது வேகம். ரெகுலர் 8 என்றால் விநாடிக்கு 16 பிரேம், சூப்பர் 8 என்றால் 18 என்று தொடங்குங்கள். 25 என்று விட்டால் எல்லாரும் ஓடுவது போல நடப்பார்கள், பழைய படம் என்றால் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடக்கிற ஆளின் நடையைப் பார்த்தே சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். பெரியப்பாவின் கொடாக்குரோம் ரீல்களில் நிறம் திருத்த வேலையே இருக்கவில்லை, அந்த ரகம் இருட்டில் வைத்தால் நிறத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். வேறு ரகங்கள் சில சிவந்து போயிருந்தன. தானியங்கித் திருத்தங்களை அளவோடு பாவியுங்கள். பிலிமுக்கே உரிய பொடித் துகள் தன்மையை எல்லாம் அழித்து முகத்தை மெழுகாக்கிவிட்டால் எடுத்ததற்கே பலன் இல்லை.

எல்லாவற்றையும் விட அவசரமான வேலை இனித்தான். இந்த முகங்கள் யாருடையவை என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். முதல் ரீல் முடிந்த உடனேயே மாமியை ரிவிக்கு முன் இருத்தி, பக்கத்தில் போனை வைத்துக் குரலைப் பதிந்தோம். எல்லாம் முடிந்த பிறகு காட்டலாம் என்று காத்திருக்கவில்லை.

"நில்லு மனே, கொஞ்சம் பின்னுக்குப் போ" என்றார் பாலத்துக் காட்சியில். "அந்த வெள்ளைச் சேட்டு, சைக்கிள்ள மீன்பெட்டியோட போறது ஆரெண்டு தெரியுதா? உன்ட அம்மப்பாகா அது."

அம்மப்பாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தக் காட்சி 18 பிரேமில் நாலு விநாடி இருக்கும். அதில் முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு பிரேமை எடுத்து அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தோம். ஓடுகிற வீடியோவாக மட்டும் எடுத்திருந்தால் இப்படி ஒன்று கிடைத்திருக்காது.

மாமி சொல்லச் சொல்ல மற்றவர்களும் சேர்ந்துவிட்டார்கள். இது எந்த ஆண்டு என்ற வாதத்துக்குப் படமே சில சாட்சி வைத்திருக்கும். சூறாவளிக்கு முந்திய காட்சிகளில் தென்னைகள் முழுத் தலையோடு நெருக்கமாக நிற்கின்றன. கூரைகளில் ரிவி அன்ரனா இருந்தால் அது எண்பதுகளுக்கு வந்துவிட்டது, அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியே 1982இல்தானே தொடங்கியது. கொடாக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சின்னக் குறிகள் இருக்கும், பிலிம் தயாரித்த ஆண்டைச் சொல்பவை. அதே குறி ஏறக்குறைய இருபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், இரண்டில் எது என்பதை முகங்களை வைத்து முடிவு செய்ய வேண்டும். மாமியின் குரலை வீடியோவுக்கு இரண்டாவது ஒலித்தடமாகச் சேர்த்திருக்கிறோம். சத்தமில்லாத மூல வடிவம் தனியாக இருக்கிறது.

வீடியோவாக்கியாகிவிட்டது என்று ரீலைத் தூக்கி எறியாதீர்கள். இதைவிட நல்ல கமெரா நாளைக்கு வரும், அன்றைக்கும் மூலம் வேண்டும். துருப்பிடித்த ரின்னிலிருந்து எடுத்து, காற்றுப் போக இடமுள்ள பொலிபுரொப்பிலீன் டப்பாவில் படுக்கையாக வையுங்கள். வாடை உள்ள ரீலைக் காற்றுப் புகாமல் அடைத்தால் அமிலம் உள்ளேயே நின்று அதைத் தின்னும். குளிர்ந்த, ஈரம் குறைந்த அறை வேண்டும். சீற்றுக்குக் கீழே வெக்கை கொதிக்கிற பரணும், மழைக்கு ஓதம் ஏறுகிற சுவரும் ஆகாது. வீடியோப் பிரதிகளில் ஒன்று கடலுக்கும் வாவிக்கும் தூரமான இடத்தில் இருக்கட்டும். எங்களுடையதில் ஒன்று அம்பாறையில் தங்கச்சி வீட்டில், இன்னொன்று கனடாவில் பெரியப்பாவின் மகளிடம்.

மெஷின் இப்போதும் மச்சானின் கடைக்குப் பின்னறையில் பூட்டியபடியே இருக்கிறது. திருக்கோவிலிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் ரீல்களைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ரீலைச் சுற்றிப் பார்க்காமல், துடைக்காமல், இருக்கிறபடியே கொண்டுவாருங்கள். பெட்டியின் மேல் பேனையால் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பெட்டியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். வீட்டில் உள்ள வயதானவர் ஒருவரால் பிரயாணம் செய்ய முடியுமென்றால் அவரையும் கூட்டி வாருங்கள்.